தையல் டீச்சரின் காலி நிரல்

எண்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் இரண்டு கம்ப்யூட்டர் அனுப்பியது. தென்காசியில் பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கிற உயர்நிலைப் பள்ளி அது. நான் அங்கே கணக்கு டீச்சர். தையல் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அதற்கு மேல் அவற்றைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. தொட்டால் கெட்டுப்போகும், கெட்டால் மெமோ வரும் என்று ஒரு பேச்சு இருந்தது.

கணக்கு டீச்சராகப் பிறந்த பாவத்துக்கு என்னைப் பாளையங்கோட்டைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, என் மூக்கு நுனியைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கோபமே வரவில்லை. தப்பு என்றால் தப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. இப்படி ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டம் போட்ட தாள் மாதிரி திரையில் விரிகிற ஒரு புரோகிராம். மேல் ஓரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள், இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். படுக்கையாகப் போகிற வரிசை நிரை, மேலிருந்து கீழே இறங்குகிற வரிசை நிரல். கணக்கில் அணிகள் பாடத்தில் நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் எதை நிரையாக வைப்பது, எதை நிரலாக வைப்பது, தலைப்பில் என்ன எழுதுவது என்று நானே தீர்மானிக்க வேண்டி வந்தது அங்கேதான். பாடப் புத்தகத்தில் அந்த முடிவை யாரோ எடுத்துவைத்துவிடுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஜூன் மாதம் முதல் வேலையாகப் பள்ளி டைம்டேபிளை அதில் போட்டேன். அதுவரை அது ஒரு பெரிய சார்ட் தாளில் நாலு கலர் மையில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் தலைமை ஆசிரியை ஒருவர்தான். அவரைப் பெரிய டீச்சர் என்போம். நான் இடது ஓரத்தில் பதினைந்து வகுப்புகளையும் வைத்தேன். மேலே தலைப்பு இரண்டு அடுக்கு: முதல் அடுக்கில் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வொரு கிழமைக்கும் கீழே ஒன்று முதல் எட்டு வரை பீரியடு. கட்டத்துக்குள் பாடத்தின் பெயர்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தொல்லை தெரிந்தது. தமிழ் எழுத்து கிடையாது, எல்லாம் இங்கிலீஷ். கட்டத்தின் அகலத்துக்கு மேல் போனால் பெயர் வால் அறுந்து நின்றது. வியாழக்கிழமைக்கு நகர்ந்தால் இடது ஓரத்து வகுப்புப் பெயர்கள் திரையை விட்டு ஓடிவிடும். எந்த வகுப்பில் நிற்கிறேன் என்று தெரியாமல் ஏழாம் வகுப்பின் சரித்திரத்தை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் தலைப்புகளை அந்தந்த இடத்திலேயே பூட்டிவைக்க ஒரு கட்டளை இருப்பது பயிற்சிக் குறிப்பில் கண்ணில் பட்டது. அதைக் கொடுத்துவிட்டு வலது பக்கம் நகர்த்தினேன். கிழமைகள் ஓடின, வகுப்புகள் அசையவில்லை. சந்தோஷம் தாங்காமல் தையல் அறைக்குள் ஓடி, அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த தையல் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும், "நல்லாருக்கு டீச்சர், தறி மாதிரி ஓடுது" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும், என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஆய்க்குடியில் அவரும் அம்மாவும் மட்டும். அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவர். பகலில் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், பொழுது சாய்வதற்குள் இவர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதிகம் பேசமாட்டார். யார் எந்த வகுப்புக்கு அனுப்பினாலும் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்.

அனுப்புவது என்றால் சாதாரணமாக இல்லை. எங்கள் ஊர் சங்கதி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கி, சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் சீசன். சீசன் வந்தால் தென்காசியில் ஒவ்வொரு வீட்டிலும் விருந்தாளி. மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம், மெட்ராஸிலிருந்து சித்தப்பா, எந்த உறவு என்று நமக்கே தெரியாத நாலு பேர். வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போகாவிட்டால் மரியாதை இல்லை. அவர்களாகவே போய்க்கொள்ளட்டும் என்று விட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே காலையில் பெரிய டீச்சரிடம் வாய்மொழியாக இரண்டு பீரியடு பெர்மிஷன் கேட்டுக்கொண்டு, விருந்தாளிகளை ஐந்தருவியில் நனையவைத்து, வீட்டில் இறக்கிவிட்டு, ஈரத் தலையோடு மூன்றாவது பீரியடுக்கு ஓடி வருவோம். எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. பெரிய டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் வகுப்பும் பீரியடும் யாருக்குப் பதில் யார் போவது என்பதும் எழுதி, பியூனிடம் கொடுத்து, யாராவது ஒருவரை அந்த வகுப்புக்கு அனுப்புவார். அந்த யாராவது பெரும்பாலும் தையல் டீச்சர். சீசன் முடிந்த பிறகும் கல்யாணம், காய்ச்சல், பிரசவம் என்று சீட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் இருப்பவர், முகம் சுளிக்காதவர். அவர் வீட்டுக்கு விருந்தாளி வருவாரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

என் டைம்டேபிள் அச்சாகி வந்த அன்று பிள்ளைகள் பிரிண்டர் சத்தம் கேட்க ஜன்னலில் தொங்கினார்கள். பெரிய டீச்சர் தம் அறைச் சுவரில் ஒன்றை ஒட்டினார். கல்வி அலுவலகம் வருஷா வருஷம் கேட்கிற டைம்டேபிள் நகலுக்கும் இதிலேயே ஒன்றைப் பெருமையாக அனுப்பிவைத்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உங்கள் டைம்டேபிளின்படி தையலுக்கு வாரத்தில் பதினான்கு பீரியடுதான் இருக்கிறது. ஒரு ஆசிரியருக்குக் குறைந்தது இருபத்துநாலு வேண்டும். ஆகவே தையல் ஆசிரியை உபரி. ஜூலை கடைசியில் அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, ஆள் தேவைப்படுகிற பள்ளிக்கு மாற்றுவார். அந்தப் பள்ளி வாசுதேவநல்லூரையும் தாண்டி இருந்தது. ஆய்க்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு நடை. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு.

பழைய சார்ட்டில் எந்தக் கொம்பனாலும் தையலை எண்ணியிருக்க முடியாது. நான் கட்டம் கட்டமாகப் பிரித்து, எண்ணுவதற்கு வசதியாகப் பந்தி விரித்து இலையும் போட்டுக் கொடுத்திருந்தேன். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"ஒன்ன யாருட்டி இவ்வளவு தெளிவாப் போடச் சொன்னா?" என்றார்.

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். தையல் டீச்சரிடம் போய் என்னால்தான் என்று சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "போட்ட எடத்துக்குப் போவேன் டீச்சர். அம்மாவ என்ன செய்யன்னுதான் தெரியல" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வீட்டுக்குப் போய் என் மீது வந்த கோபத்தை அன்று வந்திருந்த விருந்தாளிகள் மீது காட்டினேன்.

இரண்டு நாள் யோசித்தபோது தப்பு எங்கே என்று பிடிபட்டது. நான் வைத்த தலைப்புகள் வகுப்பும் பீரியடும். கட்டத்துக்குள் பாடம். அந்தத் தாளில் ஆசிரியர் என்று ஒரு ஆளே இல்லை. தையல் டீச்சர் எட்டாம் வகுப்பில் கணக்கு பீரியடில் உட்கார்ந்திருந்தால் அங்கே கணக்கு என்றுதான் இருக்கும். தாளைத் திருப்ப வேண்டும். ஓரத்தில் வகுப்புக்குப் பதில் போன வருஷத்தின் வாரங்கள். மேலே இருபத்தாறு ஆசிரியர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு நிரல்: தன் வகுப்பு, பிறருக்காக எடுத்த வகுப்பு.

உட்கார்ந்து தலைப்பு அடிக்க ஆரம்பித்ததும் கணக்கு டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. ஒருவர் எடுத்தால் இன்னொருவர் விட்டிருக்க வேண்டும். இரண்டும் கடைசி வரியில் சமமாக நிற்காவிட்டால் அதிகாரி நம்பமாட்டார். அப்படியானால் மூன்றாவது நிரல் ஒன்று வேண்டும்: விட்ட வகுப்பு. யார் யார் எத்தனை வகுப்பை விட்டோம் என்பது பெயர் போட்டு நிற்கும்.

ஆனால் கணக்குக்கு ஆதாரம் ஒன்றும் இல்லையே என்று தையல் டீச்சரிடம் புலம்பினேன். அவர் யோசித்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பூவேலை நூல்கள், ஒவ்வொரு கலரும் ஒரு மடித்த தாளில் சுற்றி இருந்தது. பெரிய டீச்சர் அனுப்பிய துண்டுச் சீட்டுகள். தமக்கு வந்தது மட்டுமில்லை, மற்றவர்கள் படித்துவிட்டு மேஜையில் போட்டுப்போனதும் இருந்தது. எறிய மனசு வராமல் நாலாக மடித்து நூல் சுற்றிவைத்திருந்தார். அந்த மாதிரி டப்பா அலமாரியில் இன்னும் மூன்று இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆசிரியர் அறை மேஜையில் நாலு டப்பாவையும் கவிழ்த்தோம். எல்லாரும் கூடி நூலைப் பிரித்து வேறு அட்டைகளில் சுற்றினார்கள், நான் சீட்டைப் பிரித்துப் படித்து நோட்டில் குறித்தேன். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஜூலை எட்டு, ஒன்பது பி, முதல் பீரியடு, தமிழுக்குப் பதில் என்று படித்ததும் தமிழ் டீச்சர், அன்றைக்குத்தான் தம் மாமியாரின் தங்கை பேரருவியில் பல்செட்டைத் தொலைத்தார் என்றார். சிரித்துச் சிரித்துச் சோறு ஆறியது. சிவப்பு நூலைப் பிரித்தால் சயின்ஸ் டீச்சரின் கொழுந்தன் குடும்பம், மஞ்சளைப் பிரித்தால் சரித்திர டீச்சரின் பெரியப்பா. அரை மணி நேரத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒவ்வொருவரும் தம் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்றாவது நிரலைப் பற்றி நான் சொன்னதும் அறையில் சண்டை. இதை அதிகாரியிடம் நீட்டினால் இருபத்தைந்து பேருக்கும் மெமோ என்றார் சரித்திர டீச்சர். எடுத்ததை மட்டும் போடு, விட்டதை விட்டுவிடு என்றார் இன்னொருவர். நான் வழக்கம்போலக் குரலை உயர்த்தினேன். அப்போது தமிழ் டீச்சர் அமைதியாக, இவ்வளவு நேரம் எல்லார் பெயரையும் சத்தமாகப் படித்தாயே, உன் பெயரை மட்டும் ஏன் முணுமுணுத்தாய் என்று கேட்டார்.

உண்மைதான். முப்பத்தொன்பது. இருபத்தைந்து பேரில் அதிகமாக விட்டவள் நான். என் புகுந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் நாலு தவணையாக வந்திருந்தார்கள். முப்பத்தொன்பதில் முப்பத்தொன்றைத் தையல் டீச்சர் எடுத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தமாகவே சொன்னேன். என் பெயரை முதல் தலைப்பாக வைக்கிறேன், அதற்குப் பிறகு மற்றவர்களுடையது வரட்டும் என்றேன். பெரிய டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டு எழுதியது நான், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நூல் சுற்ற அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இருபத்தாறு பெயருக்கு மூன்று மூன்றாக எழுபத்தெட்டு நிரல். எந்தப் பிரிண்டரும் அத்தனை அகலத்துக்கு அடிக்காது. ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாரத் தலைப்பைத் திரும்ப அடித்து எடுத்தேன். ஒட்டினால் பசை ஈரத்தில் தாள் சுருங்கியது. சாரல் காலத்தில் எதுவும் காய்வதில்லை. தையல் டீச்சர் ஆறையும் வாங்கி, தையல் மெஷினில் வைத்து, வெள்ளை நூலால் ஒரே ஓட்டமாக அடித்துக் கொடுத்தார். விரித்தால் மேஜையின் இரண்டு பக்கமும் தொங்கியது. கடைசி மூன்று நிரல் அவருடையது. முதல் இரண்டில் எண்கள் அடைந்து நின்றன. மூன்றாவது, மேலிருந்து கீழ் வரை, வெறும் தாள்.

அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளிகளை ஆய்வு செய்ய மேலிடத்துக்கு ஜூலை மாதம்தான் தோதுப்படும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் நெற்றியில் சந்தனம், தலைமுடி இன்னும் சரியாகக் காயவில்லை, கிட்டே வந்தால் எண்ணெய் வாசனை. தாளை விரித்துக் குனிந்து, பென்சிலால் ஒவ்வொரு வாரமாகத் தொட்டு எண்ணினார். நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்றாவது நிரல் எல்லாருக்கும் வீங்கி இருப்பதன் காரணம் என்ன என்று நிமிராமல் கேட்டார்.

"சீசன் சார். வீட்டுக்கு ஆள் வருது. வந்தவுகள அருவிக்குக் கூட்டிட்டுப் போகாம இருக்க முடியாது" என்றார் பெரிய டீச்சர்.

அதிகாரியின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் இருந்த சயின்ஸ் டீச்சர் என் தொடையில் கிள்ளினார். பென்சில் கடைசிப் பெயருக்கு வந்தது. இந்த நிரல் ஏன் காலி, அடிக்க விட்டுப்போனதா என்றார். விடவில்லை, அவர் வருஷம் முழுக்க ஒரு பீரியடுகூட விடவில்லை என்றேன். அதிகாரி தையல் டீச்சரைப் பார்த்து, நீங்கள் அருவிக்கே போவதில்லையா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி யாரும் வாரதில்ல சார்" என்றார் தையல் டீச்சர்.

குறைப்பட்டுச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதிகாரி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தையல் டீச்சருடைய இரண்டு நிரலையும் கூட்டினால் எந்த வாரமும் இருபத்துநாலுக்குக் கீழே இறங்கவில்லை. சீசனில் முப்பத்துமூன்று வரை போயிருந்தது. இனிமேல் மாற்று வகுப்புகளை ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும் என்று எங்களைக் கொஞ்ச நேரம் கண்டித்தார். பிறகு, தையல் ஆசிரியைப் பணியிடம் இந்தப் பள்ளிக்கு அவசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஜீப் வாசலைத் தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு, பெரிய டீச்சர் உட்பட எல்லாரும் தையல் டீச்சரைக் கட்டிக்கொண்டோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தமிழ் டீச்சர்தான் சொன்னார், அவருக்கு விருந்தாளி வரவில்லை என்றால் நாம் போவோம் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரும் சயின்ஸ் டீச்சரும் சோப்பு டப்பா, துண்டு, மாற்றுப் புடவையோடு ஆய்க்குடியில் தையல் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். விருந்துக்கு வந்திருக்கிறோம், அருவிக்குக் கூட்டிப்போங்கள் என்றார்களாம். இவர் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று திகைத்து நிற்க, உள்ளே கட்டிலில் இருந்து அம்மா, வீடு தேடி வந்தவர்களை அனுப்பிவைக்காமல் என்ன பேச்சு என்று அதட்டினாராம். லீவு கடிதத்தைப் பெரிய டீச்சர் முந்தின நாளே எழுதிவைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் போகவில்லை. அன்று தையல் டீச்சரின் வகுப்புகளையெல்லாம் நான் எடுத்தேன். எனக்குப் பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். நான் போட்ட சங்கிலி ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு அளவில் வந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டே இருந்தது, அந்த நாள் முழுவதும் எனக்கு ஒரு தடவைகூடக் கோபம் வரவில்லை.

மூன்று மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. தையல் டீச்சர். ஈர முடியை நுனியில் முடிச்சுப் போட்டிருந்தார். கண் சிவந்து, குரல் கம்மி, உதடு இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. லீவு போட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று நான் அதட்டினேன். ஆய்க்குடி பஸ் பிடிக்கத் தென்காசிக்குத்தான் வர வேண்டும், அப்படியே ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். பிள்ளைகளைத் தாண்டி வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கண்டதில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ராத்திரி தூங்கும்போதும் எங் காது அம்மா கட்டில்லதான் கெடக்கும் டீச்சர்" என்றார். "இன்னைக்கித் தலையில தண்ணி விழுந்துச்சு பாருங்க, ஒண்ணுமே கேக்கல. கூப்பிட்டாக்கூட கேட்டிருக்காது. இன்னும் செத்த நேரம் நிக்கேன்னு சொல்லிட்டு நின்னுட்டே இருந்தேன்."